அவருடைய பல் பதிந்த ஈயம்

என் பேர்ஸுக்குள் எப்போதும் ஒரு ஈயத் துண்டு கிடக்கும். பேரீச்சங்கொட்டை அளவுதான், தூண்டில் நூலில் பூட்டுகிற ஈயம். நான் துறைமுகத்துக்குள் ஒரு கன்ரீனில் சமைக்கிறவள்; மீன் பிடிக்கிறவள் அல்ல. ஆனாலும் அது இல்லாமல் வீட்டு வாசல் படலையைத் தாண்ட மாட்டேன். குளிக்கப் போனாலும் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும். விசர் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டு திரியட்டும்.

அது என் புருஷனுடையது. எங்கள் ஊர் சல்லிக் கரையில் தூண்டில் போடுகிற ஆட்கள் பிளந்த ஈயத்துக்குள் நூலை வைத்து, பல்லால் கடித்துத்தான் இறுக்குவார்கள். இதிலே அவருடைய முன்பல் இரண்டும் அப்படியே பதிந்திருக்கின்றன. ஒன்று நேர், மற்றது உடைந்து சரிந்தது. அந்த உடைந்த பல்லுக்கு வெட்கப்பட்டே மனுஷன் ஒரு படத்திலும் வாய் திறக்கவில்லை. கலியாண அல்பத்தில்கூட கோர்ட்டுக்கு வந்தவர் மாதிரி உம்மென்று நிற்கிறார். வீட்டில் என்னோடு மட்டும் வாய் நிறையச் சிரிப்பார்.

நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு அவருடைய தம்பி, புது வலைக்கு ஈயம் வார்க்கவென்று வீட்டிலிருந்த பழைய ஈயம் முழுவதையும் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு போனார். கரையில் அடுப்பு மூட்டிச் சட்டியும் வைத்தாயிற்று. நான் ஓடிப்போய்ச் சாக்கைக் கவிழ்த்து, கிளறி, இதைப் பொறுக்கினேன்.

“அண்ணி, உருக்கினா எல்லாம் ஒண்டுதானே?”

“ஒண்டில்லை.”

செத்தவரின் சாமானைக் கையோடு கொண்டு திரியக் கூடாது, கடலில் எறி என்றார் மாமி.

“கடலுக்கு என்ன குறை மாமி? அது ஏற்கெனவே நிறைய வச்சிருக்கு.”

போன மாதம் துறைமுக வாசலில் பெண்களைச் சோதிக்கப் புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். என் பேர்ஸை மேசையில் கொட்டினாள்.

“அக்கா, தூண்டில் சாமான் உள்ளுக்குக் கொண்டுபோக ஏலாது. இந்தப் பெட்டிக்குள்ள போடுங்கோ.”

கப்பல் வந்து அணைகிற ஜெட்டியில் ஆட்கள் களவாகத் தூண்டில் போடுவதால் அப்படி ஒரு சட்டம் இருப்பது உண்மை. அந்தப் பெட்டிக்குள் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை, அதுவும் உண்மை.

“நூலும் இல்லை, கொக்கியும் இல்லை. இதால நான் என்னத்தைப் பிடிக்கிறது?”

“சட்டம் அக்கா. எனக்கு வேலை போயிடும்.”

“இது என்ர மனுசன்ர பல்லு, பிள்ளை. அவர் இப்ப இல்லை.” தடத்தைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. ஆனாலும் அவள் கை பெட்டியைத்தான் காட்டியது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பேசாமல் நின்றேன். உடுப்பைப் பங்கிட்டார்கள், வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அதற்கும் பேசாமல் நின்றேன். இதற்கும் பேசாமல் நிற்க நான் ஆளில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கவே ஈயத்தை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.

“ஐயோ அக்கா, ஈயம் நஞ்செல்லோ!”

எனக்கும் தெரியும். வெறும் பேர்ஸைக் காட்டினேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். வாயைச் சோதிக்க ஒரு சட்டமும் இருக்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கன்ரீன் வரைக்கும் துப்பாமல் நடந்தேன். அவர் போன பிறகு முதல் தடவையாக, அவருடைய பல் என் நாக்கில் பட்டது.