நான் சுற்றிய காகிதம்

என் வீட்டுக்காரர் எல்வுட் பெரிய ஆசை வைத்துக்கொண்டவர் இல்லை. மொன்டானாவில் எங்கள் கோதுமை நிலம், நாற்பது ஆடு, அவருடைய தாத்தா விட்டுப்போன நீளத் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கியால் செப்டம்பர் போட்டியில் ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய காலத்துத் துப்பாக்கி அது. வார்த்த ஈயக் குண்டுக்கு மெல்லிய காகிதம் சுற்றித்தான் போட வேண்டும். அடுப்பில் ஈயம் உருக்கி அச்சில் ஊற்றுவதும், காகிதத்தைச் சாய்வாக வெட்டுவதும் அவர். அதை நனைத்து, சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, அடியில் முறுக்கிக் காயவைப்பது நான். அவருக்கு விரல் தடிமன்.

முதல் குளிர்காலம் நான் சுற்றியதெல்லாம் காய்ந்ததும் ஓரம் பிரிந்துகொண்டது.

"இர்மா சுத்துனா சிகரெட் மாதிரி நிக்குது. நீ சுத்துனது தூங்கி எந்திரிச்ச தலை மாதிரி இருக்கு" என்றார்.

இர்மா, அவருடைய சித்தி கோராவின் இரண்டாவது மகன் வெண்டலின் மனைவி. வெண்டலும் போட்டிக்குச் சுடுகிறவன், அவனுக்குக் குண்டு சுற்றிக் கொடுப்பது அவள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவர் ஆடு பார்க்கப் போனதும் முட்டை வெள்ளைக்கருவை விரலில் தொட்டு ஓரத்தில் தடவினேன். கிச்சென்று ஒட்டிக்கொண்டது.

"அடி சக்கை! இதுதாண்டி சுத்து!"

வெள்ளைக்கரு விஷயத்தை நான் சொல்லவில்லை.

பனி உருகியதும் சுட்டுப் பார்த்தார். இருநூறு கஜத்தில் ஒன்று குறிப்பலகைக்கு மேலே போனது, ஒன்று பக்கத்து வேலியில். வெடிமருந்தைக் கூட்டினார், குறைத்தார். ஈயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் கலந்தார். காகிதத்தை மூன்று தினுசு மாற்றினார். எல்லாவற்றையும் தீவனக்கடைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தார். மூன்று கோடை இப்படியே போனது. என் சுற்றை மட்டும் சந்தேகப்படவில்லை. "அது ஒண்ணுதான் குத்தமில்லாம இருக்கு" என்பார்.

நாலாவது வருடம் துப்பாக்கியை, மிச்சமிருந்த குண்டோடு வெண்டலிடம் கொடுத்துவிட்டார்.

"என் கை ஆடுதுடா. நீயாவது ஜெயி."

இர்மா சுற்றிய குண்டைப் போட்டு வெண்டல் அந்த செப்டம்பரிலேயே ஜெயித்தான். ஐந்து ஓட்டையையும் உள்ளங்கையால் மூடிவிடலாம். அடுத்த வாரம் தனியாக என் சமையலறைக்கு வந்து, ஒரு நசுங்கிய குண்டை மேசையில் வைத்தான். நான் சுற்றியதில் ஒன்றை மரத்தூள் மூட்டையில் சுட்டு, தோண்டி எடுத்திருக்கிறான். காகிதம் இன்னும் அதை விடவில்லை.

"அண்ணி, குழாய விட்டு வந்ததும் காகிதம் உதிர்ந்துடணும். ஒட்டிக்கிட்டே போனா குண்டு கண்டபடி அலையும். இதுல என்ன தடவுனீங்க?"

"தண்ணிதான்."

"வெறும் தண்ணியா?"

"ஆமாங்கிறேன்ல. காப்பி ஆறுது, குடி."

குடித்தான். குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். அண்ணனிடம் அவனாகச் சொல்லவில்லை, என்னிடமே விட்டுவிட்டான்.

சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்திருப்பார். மூன்றாம் நாள் துப்பாக்கியைத் திரும்பக் கேட்கப் போயிருப்பார். ஆடு குட்டி போடட்டும், அறுப்பு முடியட்டும் என்று இரண்டு வருடம் தள்ளினேன்.

அவர் இருந்த கடைசி கிறிஸ்துமஸுக்கு வெண்டலும் இர்மாவும் வந்திருந்தார்கள். சுட்ட மான் தொடையை மேசையில் வைத்தேன். எங்கள் வீட்டில் இறைச்சி அறுப்பது எப்போதும் அவர்தான். அன்றைக்குக் கைப்பிடியை என் பக்கம் திருப்பிக் கத்தியை நீட்டினார்.

"நீயே அறு வெர்டா. என் கை ஆடுது."

நீட்டிய கத்தி அசையவே இல்லை. வெண்டல் என்னைப் பார்த்தான். நான் வாங்கி அறுத்தேன்.