காவலாளி மறைத்த சுனை

எண்பதுகளில் நான் பணியாற்றிய அம்பத்தூர்த் தொழிற்சாலையின் வாயிற்காவலர் ஜவ்வாது மலையில் பிறந்தவர். மெலிந்த உடலும் நரைத்த மீசையும் உடையவர். தேநீர் அருந்துவோர் எறியும் காகிதங்களை ஓயாமல் பொறுக்கித் தகர டப்பாவில் இடுவார்.

தம் மலையில் வெளியார் அறியாத சுனையொன்று உண்டென்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். மணமாகிப் பத்தாண்டுகளாகியும் நான் எங்கும் அழைத்துச் செல்லாத என் மனைவிக்கு அதனைக் காட்ட விரும்பி, வழி கேட்டேன். மலையடிவாரத்தில் நிற்கும் பலாமரத்துக்கு இடப்புறம் ஏறச் சொன்னார். விடுப்பெடுத்துச் சென்று அரைநாள் ஏறினோம். அங்கே இருந்தது ஒரு மாட்டுத்தொழுவம்.

"இத்த பாக்கவா பஸ்சுல இட்டுகினு வந்தீங்க? மாடு நம்ம மேனாம்பேட்டுலயே கீதே" என்றாள் மனைவி.

திரும்பியதும் காவலரைக் கடிந்துகொண்டேன்.

"சுனை வலப்பக்கம் சார். தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்" என்றார், காகிதமொன்றைக் குனிந்து எடுத்தபடி. "அங்க ஒரு துண்டுக் காகிதம் கெடக்காது. யாரையும் கூட்டிட்டுப் போவ மாட்டேன்னு சொல்லுங்க, நானே வந்து காட்டறேன்."

என்னால் சொல்ல இயலவில்லை. ஆண்டுச் சுற்றுலாவுக்கு இடம் அகப்பட்டுவிட்டதென்று நாற்பது தொழிலாளர்களிடம் நான் முன்பே அறிவித்திருந்தேன். அச்செய்தி அவர் செவிக்கு எட்டியிருந்ததா என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. சுனையையும் நான் பார்க்கவில்லை. மனைவி மட்டும் அந்த மாட்டுத்தொழுவத்தை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.