குண்டூசி குத்திய பக்கங்கள்

வருஷக் கடைசியில் நூலக அட்டையைப் புதுப்பிக்கப் போனார் டிரைவர் நிதானம். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள், அவர் அந்த வருஷம் எடுத்த புத்தகங்களின் பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுத்தாள். முப்பத்தொன்று.

"இந்தக் கிளையில உங்களை மிஞ்ச ஆளில்ல சார். ஆனா நீங்க எடுத்துட்டுப் போற புத்தகத்துல எல்லாம் பொடிப் பொடியா ஓட்டை. பூச்சின்னு நெனச்சு ரெண்டு தடவை மருந்து அடிச்சிட்டோம்."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். அநாவசியமாக ஹாரன் அடிக்க மாட்டார், யாரையும் முந்த மாட்டார். டிப்போவில் யாரோ வைத்த 'நிதானம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டு, பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது. முந்தின வருஷம் நவம்பரில், மழை விட்ட ஒரு காலையில், சிக்னல் பச்சை விழுந்ததும் வண்டியை நகர்த்தினார். அறுந்த செருப்பு வாரைச் சரிசெய்ய ஒரு மனுஷன் பஸ்ஸின் மூக்குக்குக் கீழே குனிந்திருந்தான். டிரைவர் கண் எட்டாத இடம் அது. வண்டி பத்தடிகூடப் போகவில்லை. அந்த மனுஷன் அங்கேயே முடிந்துபோனான்.

விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தாள் சட்டைப்பை வரைக்கும் வந்தது, மனசுக்குள் போய்ச் சேரவில்லை. ஒரு மாதம் கழித்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் வலது கால் மரத்துப்போய்விட்டது. டாக்டர் ஒரு வருஷம் விடுப்பு எழுதினார். "சும்மா மட்டும் உட்காராதீங்க. எதையாவது படிங்க" என்றார்.

அதுவரை செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம்தான் அவர் படிப்பு. முதல் புத்தகம் தேனீ வளர்ப்பு, இரண்டாவது கப்பல் பிரயாணம். இரண்டும் நன்றாகவே போயின. மூன்றாவது ஒரு குடும்பக் கதை. தொண்ணூறாம் பக்கத்தில் ஒரு லாரியும் ஒரு குழந்தையும் வந்தன. சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்தபோது, புத்தகம் தரையில் கிடந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, வேட்டி நனைந்திருந்தது.

அவர் மனைவி ஆஸ்பத்திரித் துணியறையில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கிறவள். எழுத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிறவள். அடுத்த புத்தகம் வீட்டுக்கு வந்ததும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நான் பாத்துட்டுத் தரேன்."

"நீயா?"

"ஏன், எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதா?"

அன்றிலிருந்து பஸ்ஸிலும் மத்தியானச் சாப்பாட்டு வேளையிலும் முதலில் அவள் படித்தாள். ஆகாத பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, கிழிந்த தலையணை உறையை மூடுகிற மாதிரி நாலு குண்டூசி குத்தினாள். அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டு. 'இங்க ஒரு லாரி வருது. ஆறு பக்கம் தாண்டுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலேன்னு வச்சுக்குங்க.' இன்னொன்றில், 'இதுல வண்டி வாகனம் இல்ல. ஆனா கதாநாயகன் படுமட்டம். பொறுத்துக்குங்க.'

பார்க்க வந்த டிப்போ மெக்கானிக்கிடம் அவர் சொன்னார்: "அவ மென்னு குடுக்கறா, நான் முழுங்கறேன்." இருவரும் சிரித்தார்கள். அந்த வருஷத்தில் அவர் சிரித்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

ஜூன் மாதம் ஒரு நாள், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ரயில்வே நடைபாலத்துக்குப் போனார். ஐந்து ரயில் கடந்துபோகிற வரை மேலேயே நின்றார். மனசு மாறி இறங்கியதல்ல. கால் வலித்தது, இறங்கினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அக்டோபரில் இருபத்தாறாவது புத்தகம் வந்தது. ஒரு தச்சன் குடும்பத்துக் கதை. நடுவில் நாற்பது பக்கம் ஒரே கட்டாக மூடியிருந்தது, எட்டு ஊசி. சீட்டில் இரண்டே வார்த்தை: 'இது வேண்டாம்.' வழக்கமான கிண்டல் எதுவும் இல்லை. அதுவரை ஒரு ஊசியைக்கூடத் தொடாதவர், அன்றைக்கு எட்டையும் உருவினார்.

சாலை இல்லை, வண்டி இல்லை. வேலை போன தச்சன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முடிவு செய்து, அதை நோக்கி ஒவ்வொரு நாளாக நடந்துபோகிற கதை. நாற்பது பக்கத்தையும் படித்து முடித்தார். அதே ஓட்டைகளில் ஊசிகளைத் திரும்பக் குத்தி வைத்தார்.

சாயங்காலம் மனைவி வந்ததும் புத்தகத்தை எடுத்து ஓரத்தில் விரலை ஓட்டினாள். தையல்காரி விரல்.

"பிரிச்சீங்களா?"

"பிரிச்சேன்."

தோள்பையைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்தாள்.

"இதுல வண்டி ஒண்ணும் வரலையே. எதுக்கு மூடினே?" என்று அவர் கேட்டார்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஜூன்ல ஒரு நாள் நான் வந்தப்போ கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. உங்க கடிகாரம், பர்ஸு, வீட்டுச் சாவி மூணும் மேஜை மேல வரிசையா இருந்துச்சு. சாவி இல்லாம வெளியே போற ஆளா நீங்க?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவர் பாலத்தைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் அழவில்லை. மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் சொல்லத் திணறியதையெல்லாம் அவளே சொன்னாள்.

புது மாத்திரையில் ராத்திரி நாலு மணி நேரம் தூக்கம் வந்தது. பாலத்துப் பக்கம் கால் போகவில்லை. ஆனால் எழுத்து தண்ணீரில் மிதக்கிற மாதிரி ஆடியது. பட்டியலின் கடைசி ஐந்து புத்தகங்களை அவர் திறக்கவே இல்லை. மனைவிக்காக எடுத்து, மனைவிக்காகவே திருப்பிக் கொடுத்தவை. லாரி வருகிற புத்தகமானாலும் இப்போது கடைசிப் பக்கம் வரை படிக்கிறாள். "நல்லாத்தான் எழுதியிருக்கான், படுபாவி" என்று மூடி வைப்பாள். கதையைச் சொல்ல மாட்டாள். அவரும் கேட்பதில்லை.

ஜனவரியில் மருத்துவக் குழு பரிசோதித்துவிட்டு, இனி வண்டி ஓட்டத் தகுதியில்லை என்றது. டிரைவர்கள் பலகையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு, பயணிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களைக் காக்கும் அறையில் போட்டார்கள். வேலை ஒன்றும் பிரமாதமில்லை. வருகிற சாமானுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும், தேடி வருகிறவர்களிடம் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாளைக்கு ஏழெட்டுப் பேர் வந்தால் அதிகம். யாராவது "நிதானம் அண்ணே" என்று கூப்பிட்டால் ஏறிட்டுப் பார்ப்பார், பிறகு சீட்டு ஒட்டத் திரும்பிவிடுவார்.

அந்த அறை ஜன்னல் டிப்போ வாசலைப் பார்த்தது. எந்த வண்டி கிளம்புகிறது என்று என்ஜின் சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். சேர்ந்த முதல் நாளே எழுந்து ஜன்னலைச் சாத்தினார். வெயில் காலம் வந்து, உள்ளே மூச்சு முட்டியபோதும் திறக்கவில்லை.