மாலை போடாத படம்

இந்திராணியைப் பிள்ளையார்பாளையத்தில் அழுத்தக்காரி என்பார்கள். ஏறக்குறைய நாற்பது வருஷமாக ஒரே பிடியில் நிற்கிறவளை வேறு என்னவென்று சொல்வது? கல்யாணமான சில மாதத்திலேயே புருஷன் தேவேந்திரன் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனான். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்ததே தெருவுக்கு அதிசயம். சண்டையில் ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தபோது மகள் இளவரசி வயிற்றில் இருந்தாள். உடம்பு கடைசிவரை வரவே இல்லை.

உடம்பு வராமல் என்ன சாவு என்று கேட்டாள் இந்திராணி. அவன் சீருடையில் சிரிக்கிற படத்தைக் கூடத்தில் மாட்டினாள், மாலை போடவில்லை. மாமனார் வேணுகோபால் படுக்கையில் விழுந்த பிறகு, "திவசம் குடுத்துடும்மா, பெத்தவன் நானே சொல்றேன்" என்று கைகூப்பி அழுதார். அவரைக் குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், அதை மட்டும் செய்யவில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பேருக்கு முன்னால் 'அமரர்' போடலாமா என்று கேட்ட அச்சாபீஸ்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. பொட்டும் பூவுமாகத் தறியில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி ஊர் பேசத்தான் பேசியது. பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

இளவரசி பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். மனித உரிமை நாளுக்காக, ரயில்வே ரோட்டில் சாமுவேல் நடத்தும் அமைப்பின் மதில் சுவரில் அவளைப் படம் வரையச் சொன்னார்கள். அடுத்தவர் உரிமைக்காகப் போராடி அடிபட்டவர்கள், சிறைக்குப் போனவர்கள், கொல்லப்பட்டவர்கள் என்று வரிசையாக முகங்கள். கடைசியில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தி. தேவேந்திரன் காணாமல் போன அதே சண்டையில் அவள் மகனைச் சீருடைக்காரர்கள் கூட்டிப்போனார்கள், அவன் திரும்பவில்லை. அவன் போட்டோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தன் பிள்ளைக்கும் ஊரார் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தெருவில் உட்கார்ந்து நியாயம் கேட்டவள்.

மகளுக்குச் சோறு கொண்டுபோன இந்திராணி, அவள் சொன்ன அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்தச் சீருடைடி?"

"யாருக்கும் தெரியலயாம்மா. அப்ப அங்க துப்பாக்கி வெச்சிக்கினு எத்தினியோ பேரு இருந்தாங்க."

புருஷன் எங்கே என்று மட்டுமே இத்தனை வருஷம் கேட்டவள் இந்திராணி. அவன் அங்கே என்ன செய்தான் என்று கேட்டதே இல்லை. கேட்க இப்போது பயமாக இருந்தது.

திறப்பு நாளில் காலையிலேயே மழை விட்டிருந்தது. சாமுவேல் கட்டுக் கட்டாக மாலை வாங்கியிருந்தார். நம் ஊரில் விழா என்று வந்துவிட்டால் சுவரையும் சும்மா விடுவார்களா? ஆணி அடித்து, முகத்துக்கு ஒரு மாலையாக மாட்டிக்கொண்டே வந்தார்கள். யாழ்ப்பாணத்து அம்மாவுக்குப் போட்ட சாமந்தி மாலை நீளமாகத் தொங்கி, அவள் கையிலிருந்த பையன் போட்டோவின் மேல் விழுந்தது.

இந்திராணி நாற்காலியை விட்டு எழுந்தாள். நேரே போய் மாலையைக் கழற்றினாள்.

"யாருப்பா இத போட்டது? அந்தப் புள்ள செத்தத நீங்க பாத்தீங்களா?"

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். இளவரசி ஓடிவந்து கையைப் பிடித்தாள். சாமுவேல் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவருக்குக் கோபமில்லை.

"அக்கா, மாலை பையனுக்கு இல்ல. அந்தம்மாவுக்குத்தான். போன மாசம் தவறிட்டாங்க. கடைசி வரிக்கும் அவங்களுக்கு ஒரு சேதியும் வரல."

மாலையைப் பிடித்தபடி இந்திராணி அப்படியே நின்றாள். தன் புருஷன் நொண்டிக்கொண்டு வருவார், நரைத்துப்போய் வருவார், நினைவு தப்பி வருவார் என்று எல்லாவிதமாகவும் நினைத்துப் பார்த்திருக்கிறாள். வரும்போது கதவைத் திறக்கத் தான் இருக்கமாட்டோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அழுத்தக்காரி அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாலை நாரை இழுத்து மடித்து முடிச்சுப் போட்டுச் சுருக்கினாள். பிள்ளை போட்டோவில் ஒரு பூவும் படாதபடி, அந்தத் தாயின் கழுத்தோடு நிற்கிற அளவுக்கு மாட்டிவிட்டு மகளிடம் திரும்பினாள்.

"நான் செத்தா எனக்கு மாலை போடு. உங்கப்பாவுக்குப் போட்டுடாத. எனக்கப்புறம் நீ பாத்துக்கினு இரு."

இளவரசி சுவரில் தான் வரைந்த பையன் போட்டோவைப் பார்த்தாள்.

"படத்துல தவிர நான் அந்த மனுஷன பாத்ததே இல்லியேம்மா," என்றாள். "வந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?"