தாழ்ப்பாள் இல்லாத முதல் காட்சி

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தயாரிப்பாளர் படத்தின் முதல் காட்சியைப் பார்க்க வருகிறார். வியாழக்கிழமை மதியம் தாழ்ப்பாளைக் காணோம். நிஜத் தாழ்ப்பாள் அல்ல, அதன் குளோசப். உள்ளிருந்து ஒரு கை அதை மெல்ல இழுக்கும் ஐந்து விநாடி ஃபிலிம்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்கத்தாவில் எடுத்த ஒரு வங்காளத் த்ரில்லருக்கு நான் அசிஸ்டன்ட் எடிட்டர். வெட்டிய துண்டுகளுக்கு எண் எழுதி, 'பின்' என்று நாங்கள் ஆங்கிலத்தில் சொல்லும் துணித்தொட்டியின் மேலுள்ள ஊசிகளில் காட்சிவாரியாகத் தொங்கவிட வேண்டும். பவானிபூரிலிருந்து பஸ் ஏறி வரும் இந்த மதராஸிக்குக் கணக்காவது ஒழுங்காக வரும் என்பது, அண்ணன் என்ற பொருளில் நாங்கள் தாதா என்று கூப்பிடும் எடிட்டர் ஹாரு-தாவின் நம்பிக்கை. ஒரு துண்டு தொலைந்ததற்காக எனக்கு முன்னால் இருந்தவரை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அந்த வியாழக்கிழமை பல் பிடுங்கப் போயிருந்தார். ஷாட் பட்டியல் எழுதித் தந்து, "நீயே ஒட்டி வை" என்று சொல்லியிருந்தார்.

பட்டியல் எளிது. குடித்தனக்காரர் மாடிப்படி ஏறுகிறார், நிற்கிறார், மேலே பார்க்கிறார். தாழ்ப்பாள் அசைகிறது. தாழ்ப்பாள் இல்லாவிட்டால், ஒரு மனிதர் மூச்சு வாங்க நிற்கிறார், அவ்வளவுதான்.

வேண்டாத துண்டுகளைக் கிளறினேன். டைரக்டர் 'கட்' சொன்ன பிறகும் கேமரா கொஞ்சம் ஓடியிருந்தது. குடித்தனக்காரராக நடித்த நிதாய்-பாபு படியில் நின்றபடியே ஓரக்கண்ணால் மேலே பார்க்கிறார். மேலே மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தன் மீன் துண்டு வேறு யாருக்கோ போகிறதோ என்ற சந்தேகம். அப்படி ஒரு பார்வையை நடிப்பில் கொண்டுவர முடியாது. அதை மூன்று விநாடி வைத்தேன். அடுத்து காலிப் படிக்கட்டு, ஒரு பல்பு. எனக்கே பொறுமை போகும்வரை அதை நீட்டினேன். பிறகு மறுபடி அவர் முகம். கட்.

ஹவுராவில் இரும்புப் பட்டறை வைத்திருந்த தயாரிப்பாளருக்குத் தன் நிழல்மேலும் சந்தேகம் உண்டு. வெள்ளிக்கிழமை காட்சி ஓடி முடிந்ததும் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"மேல யாருய்யா இருக்கா?"

ஹாரு-தா வீங்கிய கன்னத்தோடு திரும்பி என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போகப் பஸ் டிக்கெட் காசை மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

"ஒரு தாழ்ப்பாள் ஷாட் இருந்துச்சு," என்றார் ஹாரு-தா, தயாரிப்பாளரிடம். "நான்தான் தூக்கிடச் சொன்னேன். காட்டிட்டா பயம் போயிடும்."

தயாரிப்பாளர் அவர் தோளைத் தட்டினார். நான் எதிர்த்துப் பேசுவதென்றால் தொலைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே நானும் வியந்து தலையாட்டினேன்.

திங்கட்கிழமை தாழ்ப்பாள் கிடைத்தது. கதாநாயகி ஊஞ்சலாடும் பாட்டுத் துண்டுகளோடு, என் கையெழுத்திலேயே எண் தாங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. சுருட்டி டிபன் டப்பாவில் போட்டு மூடியபோது ஹாரு-தா உள்ளே வந்தார். டப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எழுபத்திரண்டு ஃபிரேம், அதாவது மூன்று விநாடி, இருக்கும்.

"சாப்பாடு ஆச்சா?"

"ஆச்சு, தாதா."

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஊசிகள் போயின. அதுவரை பதினோரு வருடம் அவரிடம்தான் வேலை பார்த்தேன். ஒரு துண்டுகூட இடம் மாறவில்லை. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிவது இவ்வளவுதான்: பார்க்கிற முகத்தைக் காட்டினால் போதும், பார்க்கப்படும் பொருளைக் காட்டாமல் வையுங்கள். அன்று அவர் பார்த்தது டப்பாவையா, உள்ளே இருந்ததையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.