மண்டபத்துக்கு மேலே ஒரு தேள்

போன வருஷம் சித்திரையில் என் மகன் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவள் நட்சத்திரம் மூலம் என்று தெரிந்த அன்றே வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. மூல நட்சத்திரப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். எங்கள் வீட்டில் மாமனார் நான்தான்.

பெண்ணுக்கு ஊர் ஏரல். பேட்டையில் என் மகன் வேலை பார்க்கும் பட்டறையில் கணக்கு எழுதுகிறாள். வாரம் முழுக்க இங்கே விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவாள். படிப்பு, குணம், குடும்பம் எதிலும் என் மனைவி குறை சொல்லவில்லை. ஜாதகத்தைப் பார்த்துவிட்டு மட்டும் "இது வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டாள். மகன் அவளிடம் மல்லுக்கு நிற்காமல் நேராக என்னிடம் வந்தான்.

"எப்பா, இதுல ஆபத்து ஒங்க உயிருக்குத்தானாம். நீங்க சரின்னு சொன்னா அம்மாவும் சரின்னுருவா. நீங்களே சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் ஜாதகம் பார்ப்பவர்களை வாய் வலிக்கக் கிண்டலடித்தவன் நான். நல்ல நேரம் பார்த்து விடுப்பு எழுதிக் கொடுத்தவர்களைக்கூட விட்டுவைத்ததில்லை. அப்படிப்பட்டவன் மகனிடம், "யோசிச்சுச் சொல்லுதேன்லே" என்றேன். அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. எனக்கு அவன் மேல் எரிச்சலாக வந்தது. அதைவிட என் மேல்தான் அதிகம் வந்தது.

பயம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன பயன்? கத்திரி வெயிலில் படுக்கை சுட்டது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. இடது தோள் வலித்தபோது, தலையணை சரியில்லை என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் என்றைக்கோ எழுதிக் கொடுத்த மாத்திரையை நான் ஒழுங்காகப் போட்டதே கிடையாது. தேடி எடுத்து இரண்டு நாள் போட்டேன். பிறகு வெட்கமாகிப் போய் நிறுத்திவிட்டேன்.

ஒரு ராத்திரி புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடிக்குப் போனேன். என்னைக் கொல்லப் போவதாகச் சொல்கிறார்களே, அது எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. நம் ஊரில் பெயர் கேட்ட கையோடு நட்சத்திரமும் கேட்பார்கள். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றால் கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆனால் அண்ணாந்து பார்த்து, அந்தா இருக்கிறது என் நட்சத்திரம் என்று கை காட்டிய ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. என்னுடையதையே நான் பார்த்ததில்லை.

மகனிடம் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. கைபேசியில் நானே தடவித் தடவி ஒரு செயலியை இறக்கினேன். வானத்துக்கு நேராகப் பிடித்தால் அது பெயர் சொல்லும். தென்கிழக்கே பிடித்தபோது திரையில் ஒரு தேள் வந்தது. கைபேசியை இறக்கிவிட்டுப் பார்த்தால் தேளைக் காணோம், இறைந்து கிடக்கும் புள்ளிகள்தான். மறுபடி தூக்கிப் பார்ப்பேன், மறுபடி இறக்குவேன். சில ராத்திரிகள் போன பிறகு, சிவப்பாக நிற்கும் ஒன்று வெறுங்கண்ணுக்குப் பிடிபட்டது. அது கேட்டை, தேளின் நெஞ்சு. அதற்கு மேலே வரிசையாக மூன்று நின்றன. அது தலை, அனுஷம். மூலம் வாலில் இருப்பதாகச் செயலி சொன்னது. ஜாதகத்தில் அந்தப் பெண் தனுசு ராசி, வானத்தில் அவள் நட்சத்திரம் தேளின் வாலில். இதை மனைவியிடம் சொன்னால் இன்னும் மிரளுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வால் இருக்க வேண்டிய பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வந்ததால் அதன் விளக்கு வெளிச்சம் பாதி வானத்தை விழுங்கிவிட்டது. தேளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கீழே யாரோ ஒரு மாமனார் நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து, முகம் தெரியாத அந்த மனிதர் மேல் பொறாமைப்பட்டேன். சுற்றுச்சுவரின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஒருநாள் மனைவி மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள்.

"தூங்காம தட்டட்டில என்ன செய்யுதீய?"

"அந்தப் பிள்ளையோட நட்சத்திரத்தத் தேடுதேன்."

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். "நீங்க என்னையப் பாத்துச் சிரிச்சாலும் சிரிங்க. அந்தப் பிள்ள மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. எனக்கு நீங்க இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டதும் நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனால் இவளே இப்படிச் சொல்கிறாள் என்றால் நிஜமாகவே ஏதோ இருக்கிறதோ என்று அடுத்த நிமிஷமே கலங்கவும் செய்தேன்.

மண்டபத்தில் கல்யாணம் இல்லாத ஒரு சனிக்கிழமை, எங்கள் பகுதி முழுக்க மின்சாரம் போனது. மாடிக்கு ஓடினேன். வால் முழுசாகத் தெரிந்தது. கேட்டையிலிருந்து கீழே இறங்கி, வளைந்து, திரும்ப மேலே சுருண்டு, நுனியில் இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டி நின்றன. பார்த்தால் ஒன்று பயம் கூடும், அல்லது விட்டுப்போகும் என்று எண்ணியிருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான். கொசு கடித்தது. மின்சாரம் வந்ததும் கீழே போய்ப் புரண்டு புரண்டு படுத்தேன்.

விடிந்ததும் மகனை எழுப்பி, "கெளம்புலே, ஏரலுக்கு" என்றேன். மனைவியிடம் சொல்லவில்லை.

நாங்கள் திடுதிப்பென்று போய் நின்றதில் பெண்ணின் அப்பா பதறி, சட்டையை மாட்டிக்கொண்டு பலகாரம் வாங்க ஓடினார். அந்தப் பெண் காபி கொண்டு வந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"எம்மா, ஒன் நட்சத்திரத்த நீ என்னைக்காவது பாத்திருக்கியா?"

"இல்ல மாமா. பாத்து என்ன செய்ய? வாரவங்க எல்லாரும் என்னைய விட்டுட்டு அதத்தான் பாக்காங்க." தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கு மாமா. நான் வந்த பொறவு ஒங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. அத்தையும் பாப்பாங்க. ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதேன்னு நான் தெனமும் பயந்துகிட்டே இருக்கணும்."

திரும்பும்போது பேருந்து ஜன்னலில் ஆறு வந்து வந்து மறைந்தது. என்னால் உட்கார முடியவில்லை, இறங்கி நடந்தே வந்துவிடலாம் போல இருந்தது. இத்தனை நாளும் என் உயிரைப் பற்றியே யோசித்திருக்கிறேன். நான் எண்பது வயதில் கிடையில் விழுந்து செத்தாலும் ஊர் அவளைத்தான் கை காட்டும். அவளுக்கு என்ன ஆகும் என்று ஒரு ராத்திரிகூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லிவிட்டேன். "கல்யாணத்த முடிப்போம். ஆனா நான் என்னைக்குச் செத்தாலும் அந்தப் பிள்ளைய ஒரு சொல் சொல்லக் கூடாது. ஒரு பார்வகூடப் பாக்கக் கூடாது."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "சத்தியமெல்லாம் கேக்காதிய. மொதல்ல அந்த மாத்திரைய எடுத்துப் போடுங்க" என்றாள்.

ஆவணியில் அதே மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மாமனாராக நானும் பந்தியில் உட்கார்ந்தேன். நிம்மதியாக இல்லை. இப்போது மாத்திரை தவறுவதில்லை, காலையில் நடக்கிறேன், உப்பைக் குறைத்துவிட்டேன். சத்தியம் செய்யாவிட்டாலும் என் மனைவி நான் கேட்டபடியே நடக்கிறாள். ஆனால் நான் தும்மினால் வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த வைகாசியில் எனக்கு இருமல் பிடித்திருக்கிறது. சாதாரண இருமல்தான். ஆனாலும் வீட்டுக்குள் இருமுவதில்லை. எல்லாரும் படுத்த பிறகு மாடிக்குப் போய், துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இருமித் தீர்க்கிறேன். கைபேசி இல்லாமலே இப்போது தேள் தெரிகிறது. மண்டபத்தில் விளக்கு இல்லாத நாளில் வாலும் தெரிகிறது.

நேற்று இருமி முடித்துத் திரும்பினால், மருமகள் வெந்நீர்ச் செம்போடு படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பேச்சை மாற்ற நினைத்து, "அந்தா பாரும்மா, மண்டபத்துக்கு மேல. அதான் ஒன் மூலம்" என்று கை நீட்டினேன்.

அவள் அண்ணாந்து பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"எத்தன நாளா மாமா இருமுதீய?" என்றாள்.