பச்சைத் தொங்கல்

எந்தக் காரில் ஏறினாலும் என் கண் முதலில் போவது கண்ணாடியில் தொங்குவதன் மேல்தான். அது எத்தனை காலமாகத் தொங்குகிறது, கயிறு அழுக்கேறியிருக்கிறதா, வண்டிக்காரர் உண்மையிலேயே கும்பிடுகிறவர்தானா என்று மனம் தன்பாட்டுக்கு விசாரணை நடத்தும். மாமா கொடுத்த பயிற்சி அப்படி.

மாமா என் அம்மாவின் தம்பி. ஏ.எஸ்.ராவ் நகரில் பழைய கார் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு தகரக் கூரை, அதன் கீழே நாலைந்து கார்கள், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். தாத்தா ரயில்வே வேலைக்காக செகந்திராபாத்துக்கு வந்தவர். ஊர்ப் பேச்சு மட்டும் வீட்டில் விடாமல் தங்கிவிட்டது. பள்ளி விட்டதும் அம்மா வேலையிலிருந்து வரும்வரை நான் மாமாவின் கடையில்தான் இருப்பேன்.

மாமாவிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் ஒரு சின்ன வெங்கடாசலபதி, ஒரு மரச் சிலுவை, அரபு எழுத்து நெய்த ஒரு பச்சைத் தொங்கல். பார்க்க வருகிறவர் போனில் பெயர் சொன்னதுமே மாமா என்னைப் பார்த்து, "ஏட்டி, பச்சை!" என்பார், அல்லது "ஏட்டி, பெருமாள்!" என்பார். அவர்கள் வந்து இறங்குவதற்குள் நான் அதைக் காரில் மாட்டிவிட வேண்டும். வண்டியை யாரும் பார்ப்பதில்லை, யாருடைய வண்டி என்றுதான் பார்க்கிறார்கள் என்பது மாமாவின் சித்தாந்தம். வீட்டில் எல்லோரையும்விட எனக்கு மாமாவைத்தான் பிடிக்கும். ஊரிலேயே பெரிய புத்திசாலி அவர்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு அந்த எண்ணம் கிடையாது. கிறிஸ்துமஸுக்குள் வியாபாரம் சூடுபிடிக்கவில்லை என்றால் கடையை மூடிவிட்டு நாச்சாரத்தில் தனக்குத் தெரிந்த தொழிற்சாலையில் மாமா வேலைக்குச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாமா அங்கே போய்விட்டால் என் மாலை நேரம் அத்தோடு போச்சு. வருகிறவர்கள் வாங்க வேண்டுமே என்று இரவு ஜெபத்தில் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

தசரா முடிந்த கையோடு ஒரு வெள்ளைக் கார் கடைக்கு வந்தது. கொண்டாப்பூரில் இருந்த ஒரு தெலுங்குக் குடும்பத்தின் வண்டி. கீறல் கிடையாது, உட்கார்ந்தால் சீட் கிறீச்சிடாது. இது விற்றுப்போனால் கடை தப்பிக்கும் என்றார் மாமா. அதைப் பார்க்கத்தான் ஒரு பெரியவர் மகளோடு வந்தார். அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தாடி, இஸ்திரி போட்ட சட்டை. மகள் ஆஸ்பத்திரி நர்ஸ். டூட்டி முடிந்து இருட்டில் தனியாக ஓட்டி வருவாள், வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாது, எனக்கு அது ஒன்றுதான் வேண்டும் என்று தக்கினி உருதுவில் சொன்னார். சொல்லும்போது மகளின் தோளில் கை வைத்திருந்தார்.

மாமா நெஞ்சில் கை வைத்தார். கண்ணாடியில் நான் மாட்டியிருந்த பச்சைத் தொங்கலைக் காட்டி, இது ஒரு ஹாஜி சாப் வீட்டு வண்டி, சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார் என்றார். பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்தும் சிரித்தார். நானும் பதிலுக்குச் சிரித்தேன்.

பிறகு அவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

பேட்டரியின் மேலே மூன்று மஞ்சள் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். பக்கத்தில் ஒரு சாமந்திப் பூ காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தசரா அன்று வண்டிக்குப் பூஜை போடும் வீடுகளில் என்ஜினுக்கும் பொட்டு வைப்பார்கள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. நாங்கள் வண்டிக்காக ஜெபம் செய்தால் எங்கள் சர்ச் ஐயர் வந்து வெளியே நின்று கண்ணை மூடிக்கொள்வார், அவ்வளவுதான்.

பெரியவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கோபமாகத் தெரியவில்லை.

"கைக்கு பாய்?" என்று மட்டும் கேட்டார். ஏன் தம்பி என்று அர்த்தம்.

பதிலுக்குக் காத்திராமல் அவரே மெதுவாகப் பேசினார். என்ஜினுக்குப் பொட்டு வைக்கிறவர்கள் ஆயிலையும் ஒழுங்காக மாற்றியிருப்பார்கள். உள்ளதைச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இனிமேல் நீ எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்புவது என்றார். மகள், எதற்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே அப்பா என்றாள். "நக்கோ பேட்டா", வேண்டாம் மகளே என்று தலையசைத்துவிட்டார்.

போகும் முன் காருக்குள் கையை நீட்டிப் பச்சைத் தொங்கலைக் கழற்றினார். அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்தார். கண்ட இடத்தில் போட்டுவிடாதே என்று சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. பிஸ்கட் டப்பா மேஜைமேல் திறந்தே கிடந்தது. அதை அவர் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவும் மகளும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள்.

மாமா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்ஜினைப் பாக்காம விட்டுட்டமேட்டி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. அப்படியானால் துடைப்பதும் என் வேலைதானே. என்னால்தான் கடை போகப்போகிறது, மாமா தொழிற்சாலைக்குப் போகப்போகிறார் என்று இரவெல்லாம் தேம்பினேன். அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து, மாமாவை ஒவ்வொரு பானெட்டாகத் திறக்கச் சொன்னேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, எல்லா வண்டியிலும் பொட்டு, பூ, விபூதி என்று ஒரு தடயம் விடாமல் துடைத்தேன். மாமா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் வெட்கமெல்லாம் போய்விட்டது.